‘வாங்காதே’ என்று எழுத யார் பணம் தருவார்?

2024 அக்டோபரில் ‘வாட்ச்சஸ் ஆஃப் ஸ்விட்சர்லாந்து’ என்ற பிரிட்டிஷ் நிறுவனம் ‘ஹோடின்கீ’யை வாங்கியது. வாங்கியவர் ரோலக்ஸ் உள்ளிட்ட விலையுயர்ந்த கடிகாரங்களை விற்கும் கடைகளின் குழுமம். லண்டன் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. விற்கப்பட்டது, கைக்கடிகாரப் பிரியர்கள் உலகெங்கும் படிக்கும் ஒரு நியூயார்க் இதழ். கடைக்காரர் இதழை வாங்கிய இந்தச் செய்திக்கு நம் ஊரில் யாரும் அதிகம் மெனக்கெடவில்லை. அதில் தவறும் இல்லை. ஆனால் நான் ஒரு வார இதழின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போதாக்குறைக்கு எச்எம்டி கடிகாரங்கள் சேர்ப்பவன். எனக்கு இது பெரிய செய்தி.

பெஞ்சமின் கிளைமர் 2008இல் ஹோடின்கீயைத் தொடங்கியபோது வங்கித் துறையில் இருந்தார். நிதி நெருக்கடிக் காலம். தாத்தா தந்த ஒமேகா ஒன்றுதான் பித்துக்கு வித்து. பழைய டயல்களைப் பற்றியும் உள்ளே ஓடும் எந்திரத்தைப் பற்றியும் விவரம் தெரிந்து எழுதினார். பாடகர் ஜான் மேயர் தன் சேகரிப்பை மேசையில் பரப்பி வைத்துப் பேசிய 2013ஆம் ஆண்டுக் காணொளியைப் பார்த்த பிறகுதான், கடிகாரம் சேர்ப்பதை இத்தனை சுவாரஸ்யமாகப் பேச முடியும் என்று பலருக்கும் தெரிந்தது. என்னிடம் ஒரு ஸ்விஸ் கடிகாரம்கூடக் கிடையாது. இருந்தும் அந்த எழுத்தை ஆண்டுக்கணக்கில் படித்தேன். நன்றாக எழுதினார்கள், அவ்வளவுதான் காரணம்.

2015இல் முதல் முதலீடு வந்தது, சில பத்து லட்சம் டாலர். 2020 டிசம்பரில் வந்ததுதான் பெருந்தொகை: 4 கோடி டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 300 கோடி ரூபாய். செர்னின் குழுமம் என்ற முதலீட்டு நிறுவனம் முன்னின்று நடத்தியது. எல்விஎம்ஹெச்சின் முதலீட்டுப் பிரிவும் பணம் போட்டது. டாக் ஹோயர், ஹூப்லோ, செனித், பல்காரி கடிகாரங்களையெல்லாம் தயாரிக்கும் அதே எல்விஎம்ஹெச்தான். அமெரிக்கக் கால்பந்து வீரர் டாம் பிரேடி போட்டார், ஜான் மேயரும் போட்டார்.

இங்கே வழக்கமாக எழும் சந்தேகம், ‘இனி டாக் ஹோயரைக் குறை சொல்லி எழுத மாட்டார்கள்’ என்பது. நான் அந்தக் கட்சி இல்லை. எல்விஎம்ஹெச் கடிகாரங்களைப் பற்றிய கட்டுரைகளின் அடியில், அந்தக் குழுமம் எங்களில் சிறுபான்மை முதலீட்டாளர், எங்கள் எழுத்து சுதந்திரமானது என்று குறிப்புப் போட்டார்கள். தாங்களே விற்ற பிராண்டுகளைப் பற்றியும் அப்படியே சொன்னார்கள். நேர்மையான பழக்கம். நம் தீபாவளி மலர்களில் பட்டுச்சேலைக் ‘கட்டுரை’யின் மூலையில் எறும்பு எழுத்தில் ‘விளம்பரம்’ என்று போட வைக்கவே நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

விளம்பரதாரரின் அழுத்தத்துக்கு ஒரு முகம் உண்டு. நகைக்கடை முதலாளிக்கு ஒரு செய்தி பிடிக்காவிட்டால் தொலைபேசியில் சத்தம் போடுவார். அடுத்த இரண்டு வார விளம்பரத்தை நிறுத்துவார். தீபாவளி நெருங்கினால் தானே திரும்பி வருவார். ஆசிரியருக்கு முதுகெலும்பு இருந்தால் சமாளித்துவிடலாம். இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், இல்லாதவர்களையும் பார்த்திருக்கிறேன். முதலீட்டாளர் அப்படியில்லை. அவர் எந்தக் கட்டுரையைப் பற்றியும் பேச மாட்டார், படித்திருக்கவே மாட்டார். இந்த ஆண்டு எவ்வளவு வளர்ந்தோம் என்பது ஒன்றுதான் அவர் கேள்வி. அதைக் கெட்ட எண்ணத்திலும் கேட்கவில்லை. அவர் போட்டதும் பிறர் பணம். குறிப்பிட்ட காலத்துக்குள் பல மடங்காக்கித் திருப்பித் தர வேண்டிய பணம்.

கடிகாரப் பித்து அந்த வேகத்தில் வளருமா? 2011இல் ஸ்விட்சர்லாந்து ஏறத்தாழ 3 கோடி கைக்கடிகாரங்களை ஏற்றுமதி செய்தது. 2020இல் அது சுமார் 1.38 கோடி. கொரோனா ஆண்டு என்று தள்ளுபடி கொடுத்தாலும், ஏற்றுமதி மதிப்பில் உச்சம் தொட்ட 2023இல்கூட எண்ணிக்கை 1.69 கோடிதான். தொகை மட்டும் 2,670 கோடி பிராங்க். ஆக, விற்கும் கடிகாரங்கள் குறைகின்றன, ஒவ்வொன்றின் விலையும் ஏறுகிறது. இப்படிப்பட்ட துறையில் வாசகர் எண்ணிக்கையை ஆண்டுதோறும் இரட்டிப்பாக்க யாராலும் முடியாது. இருக்கிற வாசகர் செலவழிக்கும் தொகையைப் பெருக்குவதே மிச்சமுள்ள வழி.

ஹோடின்கீ போன பாதையைப் பாருங்கள். முதலில் தோல் வார் விற்றார்கள். பிறகு பழைய கடிகாரங்கள். பிறகு பிராண்டுகளோடு சேர்ந்து ‘லிமிடெட் எடிஷன்’. 2017 வாக்கில் புதுக் கடிகாரங்களுக்கே அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர். கடிகாரத்துக்குக் காப்பீடும் வந்தது. பெரும்பணம் வந்த இரண்டாவது மாதம், 2021 பிப்ரவரியில், அட்லாண்டாவிலிருந்த ‘கிரவுன் அண்ட் காலிபர்’ என்ற செகண்ட் ஹேண்ட் கடிகார வியாபாரத்தையே வாங்கினார்கள். ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். எல்லாம் சேர்ந்தபோது, கல்யாணத் தரகரே மாப்பிள்ளையைப் பற்றி விமர்சனம் எழுதும் நிலை வந்துவிட்டது. அவர் பொய் சொல்ல வேண்டியதில்லை. பையனுக்குக் கோபம் வரும் என்பதைச் சொல்லாமல் விட்டால் போதும்.

சொல்லாமல் விடுவதுதான் விஷயம். எந்தக் குறிப்பாலும் அதை வெளிப்படுத்த முடியாது. எழுதிய கட்டுரைக்கு அடியில் குறிப்புப் போடலாம், எழுதாத கட்டுரைக்கு எங்கே போடுவது?

2021 எப்படிப்பட்ட ஆண்டு என்று நினைவுபடுத்துகிறேன். படெக் ஃபிலிப் தன் நாட்டிலஸ் 5711 மாடலை நிறுத்தப்போகிறது என்ற செய்தி ஜனவரியில் வந்தது. டிசம்பரில் டிஃபனி நீல டயல் கொண்ட ஒரு 5711, நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் ஏறக்குறைய 65 லட்சம் டாலருக்குப் போனது. கடை விலை சுமார் 52,000 டாலர். தர்ம காரியத்துக்கான ஏலம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேடிக்கை பார்த்தவர்கள் மனதில் பதிந்தது தர்மம் அல்ல. கடிகாரம் பங்குபோல ஏறும் என்ற எண்ணம் ஊரெல்லாம் பரவியது. ‘இந்த விலை நிற்காது, பொறுங்கள்’ என்று உரத்துச் சொல்லும் கட்டுரை வாசகருக்குத் தேவைப்பட்ட நேரம் அது. அலமாரி நிறையச் சரக்கு வைத்திருக்கும் ஒருவரால் அதை எழுத முடியுமா? 2022 தொடக்கத்தில் உச்சம் தொட்ட செகண்ட் ஹேண்ட் விலைகள் அதன்பின் இறங்கின. கடன் வாங்கி வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

சரிவு ஹோடின்கீயையும் விடவில்லை. ஆட்குறைப்பு நடந்தது. செகண்ட் ஹேண்ட் வியாபாரத்திலிருந்து விலகினார்கள். தலைமை ஆசிரியராக இருந்த ஜாக் ஃபார்ஸ்டர், 2022இல் ‘வாட்ச்பாக்ஸ்’ என்ற கடிகார விற்பனை நிறுவனத்தின் எழுத்துப் பணிக்கே போய்விட்டார். கடிகார எந்திரவியலை அவரைப்போல் விளக்கக்கூடியவர்கள் மிகக் குறைவு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நல்ல எழுத்தாளருக்குச் சம்பளம் தரக்கூடிய இடங்களெல்லாம் கடைகளாக இருந்தால் அவர் வேறு எங்கே போவார்? கடைசியில் இதழும் கடைக்காரரிடமே போய்ச் சேர்ந்தது. கிளைமர் மறுபடி பொறுப்பேற்றிருக்கிறார். ஆசிரியர் குழு சுதந்திரமாக இயங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். இயங்கட்டும், நானும் படிக்கிறேன்.

‘பணம் வராமல் அந்தக் காணொளிகளெல்லாம் எப்படி எடுத்திருக்க முடியும்’ என்று என் நண்பர் ஒருவர் மடக்குவார். ஜான் மேயர் காணொளி முதல் முதலீட்டுக்கு இரண்டு ஆண்டு முந்தியது என்று பதில் சொல்வேன். ஆனால் அவர் பக்கமும் நியாயம் உண்டு. கைக்காசு போட்டு நடத்திய சிற்றிதழ்கள் எத்தனை இதழோடு நின்றன என்பது தமிழ் வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணமில்லாத தூய்மையை நான் போற்றவில்லை. பணத்துக்கு ஓர் அளவும் வேகமும் இருக்கிறது, பத்திரிகையின் உடம்புக்கு அது பொருந்த வேண்டும் என்கிறேன்.

பெரிய முதலாளி பொறுமையானவராக இருந்தாலும் ஆபத்து தீர்வதில்லை. கேமரா விமர்சனத்தில் உலகப் புகழ்பெற்ற ‘டிபிரிவ்யூ’வை 2007இல் அமேசான் வாங்கியது. பல ஆண்டு ஓடியது. 2023 மார்ச்சில், செலவுக் குறைப்பில் ஒரு வரியாக, மூடப்போவதாக அறிவித்தார்கள். கால் நூற்றாண்டுச் சோதனை விவரங்கள் அழிந்துவிடுமோ என்று புகைப்படக்காரர்கள் பதறினார்கள். ‘கியர் பட்ரோல்’ என்ற நிறுவனம் ஜூனில் வாங்கியதால் பிழைத்தது. அமேசானின் கணக்கில் அது தூசு, கேமரா பிரியர்களுக்கு நூலகம்.

என் எச்எம்டி உலகத்துக்கு வருகிறேன். 2016இல் எச்எம்டி கடிகாரத் தொழிலை மூட மத்திய அரசு முடிவெடுத்த பிறகு பழைய ஜனதா, பைலட் மாடல்களுக்குக் கிராக்கி வந்தது. கூடவே ‘ரீடயல்’ வந்தது. உள்ளே பழைய 17 கல் எந்திரம், மேலே நேற்று அச்சடித்த டயல். தொழிற்சாலை ஒருநாளும் போடாத மஞ்சளும் பச்சையும். தெரியாதவர் ‘அரிய மாடல்’ என்று மூன்று பங்கு விலை கொடுப்பார். எழுத்தின் விளிம்பு எப்படி இருக்க வேண்டும், எந்த நிறம் வந்ததே இல்லை என்பதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பைசா வாங்காத சேகரிப்பாளர்கள். அவர்கள் சொல்லித்தந்ததன் சாரம் ஒன்றுதான்: இதை வாங்காதே. எந்தப் பொழுதுபோக்கிலும் விலைமதிப்புள்ள எழுத்து அதுதான். அதற்கு விளம்பரதாரர் கிடையாது, முதலீட்டாளரும் கிடையாது.

இது இனி நமக்குத் தூரத்துச் சமாச்சாரம் இல்லை. ஸ்விட்சர்லாந்து இடம்பெற்ற எஃப்டா கூட்டமைப்போடு இந்தியா 2024 மார்ச்சில் செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஸ்விஸ் கடிகாரங்கள் மீதான சுங்க வரி சில ஆண்டுகளில் படிப்படியாக இல்லாமல் போகும். கடைகள் பெருகும். கடிகாரம் பற்றித் தமிழில் பேசுபவர்களைத் தேடியும் பணம் வரும். ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் அதைத் தயாரிப்பவரோடு தனக்குள்ள தொடர்பைச் சொல்லியாக வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. பார்வையாளர்கள் கேட்டால்தான் அதற்கு உயிர் வரும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். கடிகாரம், கேமரா, பைக், பேனா என்று எதைப் பற்றியும் தமிழில் பேசத் தொடங்கியிருக்கும் இளைஞர்களே, பணம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். யாருடைய பணம், எத்தனை ஆண்டுக் கெடு என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். வாசகர்களே, ஒன்றையும் விற்காமல் எழுதும் ஒருவரை நீங்கள் கண்டுபிடித்திருந்தால் இந்த மாதமே அவருக்குச் சந்தா கட்டுங்கள்.