ஆலை எழுந்த பின் அனுமதியா?

கிராமப்புறத்தில் பெரிய தொழிற்சாலை அமைக்க விரும்புவோர் முதலில் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும்; அதன் பிறகே கட்டட வேலையைத் தொடங்க வேண்டும் என்பது விதி. முதலில் கட்டிவிட்டுப் பிறகு அனுமதி கேட்டு வந்து நிற்பவர்களை என்ன செய்வது? இக்கேள்விக்கு சுப்ரீம் கோர்ட் 2025-ம் ஆண்டில் ஆறு மாத இடைவெளியில் இரு வேறு பதில்களை அளித்தது.

மே 16-ந் தேதி நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் ஆகிய இருவரும், காலங்கடந்து அனுமதி வழங்குவதற்கு வகை செய்த மத்திய சர்க்காரின் 2017-ம் ஆண்டு அறிவிப்பையும் 2021-ம் ஆண்டு நடைமுறை உத்தரவையும் ரத்து செய்தனர். அதுவரை வழங்கப்பட்டுவிட்ட அனுமதிகளில் அவர்கள் கை வைக்கவில்லை. இனிமேல் கூடாது என்றார்கள். நவம்பர் 18-ந் தேதி மூன்று நீதிபதிகள் அடங்கிய பெஞ்ச் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. பிரதம நீதிபதி கவாயும் நீதிபதி வினோத் சந்திரனும் ஒரு பக்கம். முந்தைய தீர்ப்பில் பங்கு கொண்டிருந்த நீதிபதி புயான் மறுபக்கம். வழக்கை வேறொரு பெஞ்ச் புதிதாக விசாரிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

மெஜாரிட்டி நீதிபதிகள் கூறிய காரணங்கள் இரண்டு. 2021, 2022-ம் ஆண்டுகளில் இதே கோர்ட் சில வழக்குகளில் காலங்கடந்த அனுமதியை ஏற்றிருந்தது. அவற்றுள் ஒன்று கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சம்பந்தப்பட்டது. மே மாதத் தீர்ப்பு இவற்றைக் கணக்கில் கொள்ளவில்லை என்பது முதற்காரணம். தீர்ப்பு நிலைத்தால் சுமார் 20,000 கோடி ரூபாய் பொதுப்பணத்தில் எழுந்த கட்டடங்களை இடிக்க நேரும் என்பது மற்றொன்று. ஒடிசாவில் 962 படுக்கைகள் கொண்ட எய்ம்ஸ் மருத்துவமனையும், கர்நாடகத்தில் விஜயநகரம் விமான நிலையமும் உதாரணமாகக் காட்டப்பட்டன.

நோயாளிகள் படுக்க வேண்டிய இடத்தை இடிக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராதுதான். ஆனால் மருத்துவமனைக்காகத் திறக்கும் கதவு வழியே உள்ளே நுழையக் காத்திருப்பவை மருத்துவமனைகள் மட்டுமல்ல; சுரங்கங்களும் ரசாயன ஆலைகளும் உருக்காலைகளும் அதே வரிசையில் நிற்கின்றன. முன்னதைக் காட்டிப் பின்னதற்கு வழி கேட்கப்படுகிறது என்ற சந்தேகம் எழுவது இயற்கையே.

1994-ம் ஆண்டு அறிவிப்பும், அதற்குப் பதிலாக வந்த 2006-ம் ஆண்டு அறிவிப்பும் 'முன் அனுமதி' என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பெரிய திட்டங்கள் பலவற்றில், அனுமதிக்கு முன்னர் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். முப்பது நாள் அவகாசம் கொடுத்து, வட்டார மொழிப் பத்திரிகையிலும் விளம்பரம் செய்து, ஜில்லா கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்கக் கூட்டம் நடக்கும். கிணற்றுத் தண்ணீர் என்ன ஆகும், கழிவு எந்த ஓடையில் விழும், மேய்ச்சல் நிலம் எவ்வளவு போகும் என்று ஊரார் கேட்பதற்குச் சட்டம் ஒதுக்கியிருக்கும் இடம் இது ஒன்றே. (அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைகளுக்கு இதுகூடக் கிடையாது என்பது தனிக் கதை.) புகைபோக்கி எழுந்த பிறகு கூட்டம் நடத்தினாலும், வேறு இடம் பாருங்கள் என்று அங்கே யாரும் சொல்ல முடியாது.

அபராதம் இருக்கிறதே என்பார்கள். 2021-ம் ஆண்டு நடைமுறைப்படி, இயங்கிக்கொண்டிருக்கும் ஆலைக்கு அபராதம், திட்டத்தில் செலவிட்ட தொகையில் ஒரு சதவீதம். விதி மீறி இயங்கிய காலத்து விற்றுமுதலில் கால் சதவீதம். நூறு ரூபாய் விற்றவர் கட்ட வேண்டியது நாலணா! இதை அபராதம் என்பதைவிடத் தாமதக் கட்டணம் என்பதே பொருந்தும்.

குஜராத்தில் அங்கலேஷ்வர் வட்டாரத்து ரசாயன ஆலைகளின் வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 2002-ம் ஆண்டு சுற்றறிக்கை ஒன்றின் பலத்தில் அவை பின்னால் அனுமதி பெற்றிருந்தன. பசுமைத் தீர்ப்பாயம் ஆலைகளை மூடச் சொல்லிற்று. 2020 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், காலங்கடந்த அனுமதி சட்டத்துக்கு ஒவ்வாதது என்று உறுதியாகக் கூறிற்று. ஆயினும் ஆலைகளை மூடாமல், தலா 10 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. கொள்கையில் வென்றவர்களுக்கு அண்டை வீட்டுக்காரராக அதே ஆலைதான் எஞ்சியது. கட்டடம் எழுந்துவிட்டால் கண்டிப்பான கோர்ட்டின் கையும் கட்டுண்டு போகிறது.

பெங்களூரை அடுத்த தேவனஹள்ளியில் நடந்தது இதற்கு நேர்மாறு. அது நில ஆர்ஜித விவகாரம் என்றாலும் பாடம் ஒன்றே. விமானத் தொழில் பூங்காவுக்கென சன்னராயபட்டணம் ஹோப்ளியின் 13 கிராமங்களில் 1,777 ஏக்கர் எடுக்க ராஜ்ய சர்க்கார் முற்பட்டது. விவசாயிகள் மூன்றாண்டுகளுக்கு மேல் போராடினர். 2025 ஜூலை 15-ந் தேதி முதல் மந்திரி சித்தராமையா, ஆர்ஜிதத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். அப்படி அறிவிக்க முடிந்ததற்கு ஒரு காரணம், நிலம் அப்போதும் நிலமாகவே இருந்தது. உழுதவர்களின் கையிலேயே இருந்தது.

மத்திய சர்க்காரின் வாக்குறுதி ஒன்றும் இங்கு நினைவுகூரத் தக்கது. 2017-ம் ஆண்டு அறிவிப்பை எதிர்த்துச் சென்னை ஹைகோர்ட்டில் வழக்கு வந்தபோது, இது ஒரு தடவை மட்டும் அளிக்கும் சலுகை என்று சர்க்கார் தரப்பில் உறுதி கூறப்பட்டது. அதை நம்பி ஹைகோர்ட்டும் அனுமதித்தது. ஆறு மாதக் கெடு விதித்த அந்தச் சலுகைக்குப் பின், 2021-ல் கெடுவே இல்லாத நடைமுறை வந்தது. மே மாதத் தீர்ப்பு இதைக் கடுமையாகக் கண்டித்திருந்தது.

கிராமவாசிகளுக்கு வேறு கணக்கு. ஆலைக்கு வழங்கிய அனுமதியை எதிர்த்து அவர்கள் பசுமைத் தீர்ப்பாயத்திடம் முப்பது நாட்களுக்குள் அப்பீல் செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள். கர்நாடக விவசாயிக்கு அந்தத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல பெஞ்ச் இருப்பது சென்னையில். உத்தரவு வெளியானதை அறிந்து, அதைப் படித்துச் சொல்ல ஆள் பிடித்து, வக்கீல் அமர்த்தி அவர் அங்கு போய்ச் சேருவதற்குள் தொண்ணூறு நாள் கடந்துவிட்டால், மனு எவ்வளவு நியாயமானதாயினும் ஏற்கப்படுவதில்லை. புதிய பெஞ்ச் முன் வழக்கு வரும்போது ஆலைக்காரர்களின் தாமதத்தோடு இந்தத் தாமதத்தையும் சேர்த்து எடுத்துச் சொல்ல வக்கீல்கள் முன்வர வேண்டும்.