கூடி நடத்தல்

நகரத்தின் இரைச்சலை ஒரு நாளேனும் நீங்கி, வயலும் குளமும் குன்றும் கண்டு காலார நடந்து வருதல் நற்பழக்கம் என்பதை யாரும் மறார். நம் கல்லூரி மாணவரும் ஆசிரியரும், விடுமுறையில் வரும் பழைய மாணவரும் ஒருங்கு சேர்ந்து இவ்வாறு புறப்படுதல் பின்னும் நன்று. ஆயினும், இத்தகைய நடைக்கு ஒரு முறை வந்தோருள் ஒரு சாரார் மறுமுறை அழைக்குங்கால் வருவதில்லை. தேர்வு நெருங்கிவிட்டது என்பர். ஊரிலிருந்து உறவினர் வருகின்றனர் என்பர். உண்மைக் காரணம் அஃதன்று. முன் சென்ற நடையில் அவர் கடைசியாக வந்தார், மூச்சு வாங்கினார், தம்பொருட்டு முப்பது பேர் காத்து நிற்பதைக் கண்டு நாணினார், இனி இந்நாணம் வேண்டா என்று உள்ளத்துள் உறுதி செய்துகொண்டார். மெலியார் முறையிடுவதில்லை, வாராதொழிவர். நடையை வகுப்போரோ வந்தவரை மட்டும் எண்ணி, 'இம்முறை எல்லோரும் நன்கு நடந்தனர்' என்று மகிழ்கின்றனர். இது குறித்து எம் கருத்தை ஈண்டுச் சிறிது விரித்துரைக்க விழைகின்றோம்.

முதற்கண் ஒரு சிறு கணக்கு. கூட்டத்தில் வலியார் ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டரும், மெலியார் ஒருவர் 3 கிலோமீட்டரும் நடப்பர் என்று கொள்வோம். 3 கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்று கூடுவதென்பது ஏற்பாடு. வலியார் 36 நிமிடத்தில் அவ்விடம் எய்தி, நிழலில் அமர்ந்து, நீர் பருகி, வறுகடலை தின்று, 24 நிமிடம் இளைப்பாறுகின்றார். மெலியார் 60ஆம் நிமிடத்தில் வந்து சேர்கின்றார். அவர் தலையைக் கண்டதும், 'எல்லோரும் வந்தாயிற்று. புறப்படுவோம்' என்று தலைவர் எழுந்துவிடுகின்றார். இவ்வாறு மும்முறை நிகழின், ஓய்வு வேண்டாதார்க்கு 72 நிமிட ஓய்வும், வேண்டினார்க்கு நின்று பெருமூச்செறியும் அளவும் கிடைக்கின்றன. இதில் எவரும் தீங்கு நினைத்திலர், விளைந்தது தீங்கே. ஆதலின், கடைசியாள் வந்து அமர்ந்த பின்னரே ஓய்வு தொடங்கிற்றெனக் கொள்ளல் வேண்டும். பத்து நிமிடம் என்றால் அவர் அமர்ந்தது முதல் பத்து நிமிடம். முன்வந்தோர்க்குச் சலிப்புண்டாகுமே எனின், அதற்கு வழி உண்டு, பின்னர்க் கூறுவோம்.

நடைக்கு வேண்டும் நேரத்தைக் கணிப்பதற்கு ஸ்காட்லாந்து நாட்டு மலையேறுநர் வில்லியம் நெய்ஸ்மித் என்பார் 1892இல் ஒரு விதி வகுத்தார். 3 மைல் தொலைவுக்கு ஒரு மணி நேரம். ஏறும் உயரம் 2000 அடிக்கு மேலும் ஒரு மணி நேரம் என்பது அது. இக்காலத்தார் அதனை 5 கிலோமீட்டர் எனவும் 600 மீட்டர் எனவும் முழுமைப்படுத்திக்கொள்வர். விதி நல்லதே. ஆனால் அது குளிர்நாட்டிலே, உடல் தேர்ந்தோர்க்கு, இடையில் நிற்கும் நேரத்தை எண்ணாது வகுக்கப்பட்டது. 9 கிலோமீட்டர் தொலைவும் 150 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு வழிக்கு இவ்விதியின்படி 2 மணியும் 3 நிமிடமும் போதும். பலதிறத்தார் கூடிய நம் போன்ற கூட்டத்திற்கு யாம் 4 மணி என்று வைப்போம். மணிக்கு 3 கிலோமீட்டராக நடை 3 மணி. நிற்றல், பார்த்தல், வரப்பில் ஒருவர்பின் ஒருவராகச் செல்லல், செருப்பின் வார் அறுதல் ஆகிய யாவற்றிற்கும் 1 மணி. இவ்வாறு கணக்கிட்ட பின் நான்கு மணி மிகுதியென்று தோன்றுமாயின் வழியைச் சுருக்க வேண்டுமேயன்றி நேரத்தைச் சுருக்கலாகாது. நேரம் குறைத்து எழுதப்பட்ட நடையில் அக்குறையைக் கடைசியாளே தம் உடலால் ஈடு செய்கின்றார்.

நம் நாட்டிற்குச் சிறப்பாக உரிய இடையூறு வெயில். மதுரைப் பக்கத்துக் குன்றுகள் பலவும் வெறும்பாறை. பங்குனி முதல் ஆனி வரை காலை ஒன்பது மணிக்கே பாறை காலைச் சுடத் தொடங்கும். வலியார் அந்நேரத்திற்குள் ஏறி இறங்கி நிழலடைந்திருப்பர். மெலியார் அப்பொழுதுதான் நடுப்பாறையில் நிற்பர். ஆகவே ஒரே வெயில் இருவருக்கும் ஒரே அளவினதன்று. விடியலில் அரை மணி முந்திப் புறப்படுவதனால் பெரிதும் நன்மையடைவோர் மெலியாரே என்பதை, தூக்கம் விட்டெழ மனமில்லாத இளைஞர் நினைவிற்கொள்வாராக.

நிற்க. மெலியார் யார் என்பதிலும் நாம் பெரும்பாலும் பிழைபடுகின்றோம். நரைத்த தலையும் பருத்த உடலும் கண்டு முடிவு செய்தல் ஆகாது. நாடோறும் வைகறையில் ஐந்து கிலோமீட்டர் நடந்து பழகிய முதிய ஆசிரியர், இரவெல்லாம் விழித்திருந்து விடுதியினின்று எழுந்துவரும் பந்தாட்டக்காரரை எளிதிற் பின்னிட்டுச் செல்வார். வரப்பிலே வளர்ந்த மாணவர் தேய்ந்த செருப்போடு முன்னேக, விலையுயர்ந்த காலணி அணிந்தவர் பின்தங்குதலும் உண்டு. ஏற்றத்தில் வல்லவர் சிலர் முழங்கால் நோவினால் இறக்கத்தில் இடர்ப்படுவர். இழைப்பு நோயுடையார் தூசி பறக்கும் வண்டிப்பாதையில் வருந்துவர். குன்றின் மேல் தூய காற்றில் வருந்தார். ஆகவே யாரால் எது இயலும் என்பதை நாமே ஊகித்தல் வேண்டா. தனித்தனியே, பிறர் கேளாவண்ணம், முன்னாளிலேயே கேட்டறிதல் வேண்டும். கூட்டத்தின் நடுவே நின்று, 'நடக்க இயலாதார் கை தூக்குக' என்று வினவுதல் யாரையும் கை தூக்கச் செய்யாது.

இவ்விடர்களுக்கெல்லாம் இரு பரிகாரங்கள் வழங்கி வருகின்றன. இரண்டையும் யாம் உடன்படோம். ஒன்று, வலியாரை ஓரணியாகவும் மெலியாரை மற்றோரணியாகவும் பிரித்து வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்புவது. தேர்ந்த இளைஞர் தமக்குள் கூடிக் கடுவழி செல்வது வேறு. அதை யாம் தடுக்கவில்லை. ஆனால் கல்லூரி முழுதும் கூடும் நடை அதன்பொருட்டன்று. வகுப்பறையில் மேசைக்கு அப்பால் நின்ற ஆசிரியரும் மேசைக்கு இப்பால் இருந்த மாணவரும் ஒரே பாதையில் தோளோடு தோள் நடந்து பேசும் நாள் ஆண்டில் அது ஒன்றே. அந்நாளிலும் கால் வலிமையை அளந்து பிரிப்போமாயின் கூடியதன் பயன் யாது? மற்றொன்று, மெலியார்க்கு இரங்கி நடையையே நீக்கிவிடுவது. பேருந்து குன்றின் அடிவரை செல்லும்; இறங்குவர்; உண்பர்; படம் எடுப்பர்; திரும்புவர். இதுவும் மெலியாரை மதித்ததாகாது. அவர் நடக்க வந்தவர். இரக்கம் பெற வந்தவரல்லர். தம்மால் இயன்ற தொலைவை முழுதும் நடந்து முடித்தேன் என்னும் நிறைவை அவரிடமிருந்து பறிக்க நமக்கு உரிமையில்லை.

பின் என் செய்வது? இடத்தைத் தேர்வதிலேதான் பெரும்பகுதி அடங்கியுள்ளது. ஒரு முனையில் தொடங்கி மறு முனையில் முடியும் நெடுவழி நம் கூட்டத்திற்கு ஆகாது. அதில் இளைத்தவர்க்கு முன்னும் தொலைவு, பின்னும் தொலைவு. நடுவில் ஒரு தங்கிடம், அதனைச் சுற்றிச் சிறிதும் பெரிதுமான பாதைகள், இவ்வமைப்பே வேண்டற்பாலது. இதற்கு மதுரையின் மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலையைக் காட்டுதும். மலையடியில் தாமரைக் குளமும், கருப்பசாமி கோயிலும், பரந்து விழுதூன்றிய ஆலமரங்களும் உள. குளக்கரையில் நடப்பதற்கு எவ்வலிமையும் வேண்டா. அங்கிருந்து பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் என்னுமிடம். வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும், அவற்றின் கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும், அருகே சுனையும் ஆங்குள்ளன. அதற்கும் மேலே செல்வோர் வழுவழுப்பான பாறையில் ஏறி உச்சி அடையலாம். மலையின் மறுபக்கத்துச் செட்டிப்புடவு என்னும் குகையில், சிங்கத்தின்மேல் அமர்ந்து யானையை எதிர்க்கும் இயக்கியின் சிற்பம் உளது. உச்சிக்குச் சென்றவர்க்கு அங்கு அடையத்தக்கது காற்றும் காட்சியும்; பேச்சிப்பள்ளத்தோடு நின்றவர்க்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கலை. நின்றவர் இழந்தது என்ன என்று எவரும் கேட்க இயலாது. பாதியில் நிற்கும் இடமும் போய்ச்சேரத் தகுந்த இடமாய் இருத்தல், யாம் தேடும் சிறப்பு. முன்வந்து சலிக்கும் வலியார்க்கு வழி உண்டென்று மேலே கூறினோமன்றோ? பிறர் பேச்சிப்பள்ளத்தில் இருந்து பார்க்கும் அரை மணியில் அவர் உச்சி சென்று மீளட்டும். இருவரும் ஒரே வேளையில் ஆலமரத்தடியில் இலை போட்டு உண்ணலாம்.

ஏற்றமே வேண்டாதார்க்கு மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி உண்டு. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. குளங்களின் கரைவழியே குன்றுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு செல்லலாம். வல்லூறும் கழுகும் வானில் வட்டமிடும். பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயிலும் உளது. பறவை பார்ப்போர் இயல்பாகவே மெல்ல நடப்பர் என்பது இதிலுள்ள மற்றொரு நன்மை. தொலைநோக்குக் கருவியைக் கையிற் கொடுத்தால் விரைந்து நடக்கும் எத்தகைய இளைஞரும் நின்றுவிடுவர்.

வரிசையமைப்பைப் பற்றியும் ஒரு சொல். மெல்ல நடப்போரைக் கடைசியில் விடாது, வழிகாட்டிக்கு அடுத்து இரண்டாம் இடத்தில் நடக்க வைத்தல் நன்று. அப்பொழுது வழிகாட்டி அவர் காலடியோசை கேட்டுத் தம் நடையை அமைத்துக்கொள்வார். பின்வருவோர் தாமே அடங்கி வருவர். வழிகாட்டி பொறுமையுடையவராயிருத்தல் வேண்டும். விளையாட்டுச் செயலாளராய் இருத்தல் வேண்டுமென்பதில்லை. கூட்டத்தின் இறுதியில் வருபவர் வழியறிந்தவராகவும் உடல் வலியுடையவராகவும் இருந்து, மருந்துப் பெட்டியும் கைப்பேசியும் வைத்திருப்பாராக. அவர் முன்செல்வோரின் கழுத்தருகே நின்று விரைவுபடுத்தாது, நான்கடி விட்டு, நடையைப் பற்றியன்றிப் பிறிது பேசிக்கொண்டு வருவாராக.

சுமையை வலியார் மிகுதியாகச் சுமத்தல் முறை. நீர், உணவு, விரிப்பு ஆகியவற்றைப் புறப்படுமுன்னரே பங்கிட்டு அளித்துவிட வேண்டும். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கி நிற்பவரிடமிருந்து பையைப் பறித்துக்கொள்வது உதவிபோலத் தோன்றினும் அவர் தளர்ச்சியைப் பறையறைந்து சொல்வதேயாம். நான்கு மணி நடைக்கு ஆளுக்கு 2 லிட்டர் நீரேனும் வேண்டும். உப்பிட்ட மோர் இருப்பின் பின்னும் நன்று. ஈண்டு, பலர் எழுதக் கூசும் செய்தி ஒன்றையும் கூறியாக வேண்டும். சிறுநீர் கழித்தற்கு மறைவிடம் எங்குளதென்று அறியாத மாணவியர் நீர் பருகாமலே நடந்து, நண்பகலில் தலைவலியும் மயக்கமும் உறுகின்றனர். அதனைக் கண்டு, 'பெண்களுக்கு நடை ஒவ்வாது' என்று முடிவு கூறுவாரும் உளர். ஒவ்வாதது நடையன்று, ஏற்பாடு. வழியை முன்பார்க்கச் செல்வோருள் பெண்மணி ஒருவரேனும் இருப்பின் இக்குறை நேராது.

காட்டு வழிகளைப் பற்றி: 2018 மார்ச்சு 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் அகப்பட்டு, நடை சென்றோர் இருபதின்மருக்கு மேல் உயிரிழந்த துன்பம் யாவரும் அறிந்தது. அவ்வாண்டே அரசினர் மலைநடைக்கு விதிகள் வகுத்தனர். 2024 அக்டோபரில் வனத்துறையினர் 40 வழிகளை எளிது, நடுத்தரம், கடினம் என வகைப்படுத்தி, வழிகாட்டியருடன் செல்லத் திறந்தனர். முன்னிசைவின்றிக் காட்டுள் புகுதல் கூடவே கூடாது. ஆயினும் 'எளிது' என்னும் அச்சொல்லை மட்டும் நம்பி முப்பது பேரைத் திரட்டுதலை யாம் விரும்பவில்லை. அது பாதையின் தன்மையைச் சொல்கின்றதேயன்றி நடப்பவரின் தன்மையைச் சொல்லவில்லை. நம் விளம்பரப் பலகையிலும் 'எளிய நடை. அனைவரும் வருக' என்று எழுதுகின்றோம். அதை நம்பி வந்தவர்க்கு இருநூறு படி காத்திருக்கும்.

ஆகவே, அடுத்த மார்கழியில் நடை அறிவிப்போர்க்கு எம் வேண்டுகோள் இது: தொலைவு இத்தனை கிலோமீட்டர், ஏற்றம் இத்தனை மீட்டர், படிகள் எத்தனை, கைப்பிடி உண்டா இல்லையா, நிழல் எங்கெங்கு, குடிநீரும் மறைவிடமும் எங்கெங்கு, எந்த இடத்தில் நின்றுவிடலாம், எத்தனை மணிக்கு எங்கிருந்தாலும் திரும்பிவிடுவோம் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, பத்து நாள் முன்னரே நூலக வாயிலில் ஒட்டுவாராக. கூடவே, சென்ற ஆண்டு வந்து இவ்வாண்டு பெயர் தராதோர் பட்டியலை எடுத்து, அவரவர் அறைக்கோ வீட்டிற்கோ ஒருவர் நேரிற் சென்று, அத்தாளைக் காட்டி அழைப்பாராக.