பழுப்பு படிந்தால் பதற வேண்டாம்

நம் வயதுக்காரர்கள் சிலர் வீட்டில் இப்போது கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. பிள்ளைகள் ஆசையாக வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள், பராமரிப்பு நம் தலையில். மூன்றாவது வாரம் எனக்கு போன் வரும். "சார், மணல் பூரா டீத்தூள் கொட்டின மாதிரி ஆயிடுச்சு. எல்லாத்தையும் கழுவி மருந்து ஊத்தச் சொல்றாங்க."

கூடவே கூடாது என்பது என் கட்சி.

அது பெரும்பாலும் டயட்டம் என்ற ஒருசெல் பாசி. நோய் அல்ல. தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்துத் தனக்கு ஓடு கட்டிக்கொள்ளும். (1867-ல் நோபல் காப்புரிமை பெற்ற டைனமைட்டில், நைட்ரோகிளிசரினை உறிஞ்சி வைத்தது இந்த ஓடுகள் படிந்து உண்டான மண்தான்.) புதுத் தொட்டியில் போட்டிக்கு ஆளில்லை, அதனால் கொழிக்கிறது. சிலிக்கா தீர்ந்தால் சில வாரங்களில் தானே அடங்கிவிடும்.

சோப்பு படாத விரலால் தேய்த்துப் பாருங்கள். தூசி மாதிரி கலைந்தால் டயட்டம். கருஞ்சிவப்பில் ஆடை போல உரிந்து வந்தால் சயனோபாக்டீரியா. சளி மாதிரி இழையாகத் தொங்கி, அதில் காற்றுக் குமிழிகள் ஒட்டியிருந்தால் டைனோஃபிளாஜெல்லேட்டாக இருக்கலாம். கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். இதில் சில வகை நத்தைகளைக் கொன்றுவிடும்.

டயட்டம் என்றால் தண்ணீரைக் கவனியுங்கள். போர் தண்ணீரில் சிலிக்கா உண்டு. உப்பு கலக்கவும், ஆவியாகிக் குறைந்ததை நிரப்பவும் ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி. நிரப்பும்போது உப்பு போடாதீர்கள்; ஆவியாவது தண்ணீர் மட்டுமே. ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. குடிநீருக்கான ஆர்.ஓ. மெஷின்கள் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலந்துவிடுவார்கள். அது நமக்கு நல்லது, தொட்டிக்கு ஆகாது. டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டி வரவேண்டும்.

கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. 'பொறுங்கள்' என்று சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்? ஆனால் கல்லையும் மணலையும் குழாய்த் தண்ணீரில் கழுவினால் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா செத்துப்போகும், பின்னாலேயே மீனும் போகும். செம்பு கலந்த மருந்து என்றால் நத்தை, இறால், பவளம் ஒன்றும் மிஞ்சாது.

மருந்துக்கு வைத்த காசில் நாலைந்து டர்போ நத்தை வாங்கி விடுங்கள். ராத்திரியெல்லாம் மேய்ந்து கண்ணாடியில் அது போடும் கோலத்தைக் காலையில் காபியோடு பார்க்கலாம்.