குடிக்காதவன் போன பப்

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன்: இது குடியை ஆதரிச்சு எழுதுற பதிவு இல்லை. நான் தண்ணி அடிக்கிறதில்லை. "லண்டன்ல இருந்துக்கிட்டுமா?"ன்னு கேக்குறவங்களுக்கு, ஆமாங்க, லண்டன்ல இருந்துக்கிட்டும்தான் :-)

ஆனா போன சனிக்கிழமை ஒரு பப்ல ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு வந்தேன். அதுலேர்ந்து மண்டைக்குள்ள ஒரு விஷயம் ஓடிக்கிட்டே இருக்கு. இங்க இறக்கி வச்சாதான் தூக்கம் வரும் போல.

வாரம் பூரா ஆபீஸ்ல ஆணி புடுங்கி நொந்துபோய், ரூம்மேட்டோட பரோ மார்க்கெட் பக்கம் சுத்தப் போயிருந்தேன். திருவிழாக் கூட்டம். கால் வலி தாங்காம எங்கயாவது உக்காரலாம்னு சொன்னப்போ, "பக்கத்துல ஒரு பழைய பப் இருக்கு, வாடா"ன்னான். பரோ ஹை ஸ்ட்ரீட்ல சந்து மாதிரி ஒரு வாசல். உள்ள நுழைஞ்சா கல் பாவின முற்றம். அதை ஒட்டி மரத் தாழ்வாரங்களோட ஒரு நீளமான கட்டடம். தலையைத் தூக்கினா பின்னாடி 2012ல கட்டி முடிச்ச ஷார்ட் கண்ணாடிக் கோபுரம் நிக்குது. இதுதான் ஜார்ஜ் இன்.

கொஞ்சம் வரலாறு. கொட்டாவி விடாம படிங்க. தேம்ஸ் நதிக்குத் தென்கரை இந்த சதக். 1750ல வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வர்ற வரைக்கும் நகரத்துக்குள்ள போக லண்டன் பிரிட்ஜ் ஒண்ணுதான் பாலம். தெற்கேயிருந்து வர்ற வண்டியெல்லாம் இங்கதான் வந்து நிக்கணும். அதனால தெரு நெடுக வரிசையா விடுதிகள். பஸ் ஸ்டாண்டும் சத்திரமும் சாராயக்கடையும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தா எப்படி இருக்கும், அதுதான் அந்தக் கால 'இன்'. முற்றத்துல குதிரை வண்டி, மேல தாழ்வாரத்தை ஒட்டி தங்குற ரூம்கள்.

1676ல ஒரு பெரிய தீ விபத்து. சதக்ல பெரும்பகுதி எரிஞ்சுபோச்சு. இப்ப நாம பாக்குற ஜார்ஜ் அதுக்கப்புறம் எழுப்பினது. அதனால யாராவது "ஷேக்ஸ்பியர் இந்தப் பெஞ்சுல உக்காந்தாரு"ன்னு கதை விட்டா நம்பாதீங்க. மனுஷன் 1616லயே போய்ச் சேந்துட்டார்.

உள்ள ஒரு பெரிய பழைய சுவர்க் கடிகாரம் இருக்கு. 1797ல கடிகாரத்துக்கெல்லாம் வரி போட்டாங்களாம். ஜனங்க சொந்தக் கடிகாரத்தை ஒதுக்கிட்டு விடுதிச் சுவத்துல மணி பாக்க ஆரம்பிச்சாங்கன்னு சொல்வாங்க. அந்த வரி மறு வருஷமே வாபஸ். இந்த மாதிரி கடிகாரம் வரிக்கு முன்னாடியே இருந்துச்சு, ஆனா பேரு மட்டும் 'பார்லிமெண்ட் கடிகாரம்'னு ஒட்டிக்கிச்சு.

இங்கதான் ரூம்மேட் ஆரம்பிச்சான். "இதெல்லாம் டூரிஸ்ட்டுக்குப் போட்ட செட்டு மச்சி. இவ்ளோ பழைய கட்டடத்துல பீர் வித்துக்கிட்டு இருக்கறதே தப்பு. கடையைச் சாத்திட்டு மியூசியம் ஆக்கணும்."

எனக்கும் முதல்ல சரின்னுதான் பட்டுச்சு. எங்க சித்தப்பா குடிச்சுக் குடிச்சே நாற்பத்திரெண்டு வயசுல போனவர். பாட்டில் சத்தம் கேட்டாலே எனக்கு இன்னைக்கும் வயித்தைப் பிசையும். நான் போய் மதுக்கடைக்கு வக்காலத்து வாங்கறதா?

ஆனா அக்கம்பக்கத்துல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. ஜார்ஜுக்குக் கொஞ்சம் தள்ளி டேபர்ட்னு ஒரு விடுதி இருந்துச்சு. சாசரோட கேண்டர்பரி கதைகள்ல யாத்ரீகர்கள் கிளம்புறது அங்கிருந்துதான். இங்கிலீஷ் இலக்கியத்துல அதைவிடப் பேர் பெத்த விடுதி கிடையாது. தீக்கு அப்புறம் திருப்பிக் கட்டி, கடைசியில 1873ல இடிச்சாச்சு. இப்ப இருக்கறது ஒரு நினைவுப் பலகை. இன்னொரு பக்கம் ஒயிட் ஹார்ட். டிக்கன்ஸோட பிக்விக் பேப்பர்ஸ்ல வர்ற விடுதி. அதுவும் 1889ல காலி.

ஜார்ஜும் முழுசாத் தப்பிக்கலை. முற்றத்தைச் சுத்தி இருந்த கட்டடத்துல பெரும்பகுதியை அதே 1889ல ரயில்வே கம்பெனி இடிச்சுடுச்சு. ரயில் வந்ததும் குதிரை வண்டி போச்சு, வண்டி போனதும் விடுதி போச்சு. தெற்குப் பக்கம் மட்டும் பொழைச்சுது. 1937ல ரயில்வே அதை நேஷனல் டிரஸ்ட்கிட்ட கொடுத்துது.

அதாவது மக்களே, சாசரும் டிக்கன்ஸும் சேர்ந்தும் ரெண்டு விடுதியைக் காப்பாத்த முடியலை. புகழ் ஒரு கட்டடத்தைத் தாங்காதுங்க. தினம் யாராவது கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, மேஜையைத் துடைச்சாதான் அது நிக்கும். மியூசியம் ஆக்கியிருந்தா நான் டிக்கெட் வாங்கி, கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு, பத்து நிமிஷத்துல வெளிய வந்திருப்பேன். உக்காந்திருக்க மாட்டேன்.

"டூரிஸ்ட் கூட்டம்"ங்கற புலம்பலும் எனக்கு ஒத்துக்கலை. இந்த இடத்தைக் கட்டினதே வழிப்போக்கனுக்காக. ஊர் பேர் தெரியாதவன் வந்து இறங்கி, ராத்திரி தங்கி, காலையில போற இடம். நாமளும் வழிப்போக்கன்தானே?

ஒரே ஒரு வித்தியாசம். அவன் உக்காந்தான், சாப்பிட்டான், காசு கொடுத்தான். நாம போட்டோ எடுக்கறோம்.

இதைச் சொல்ல எனக்கே கூச்சமாத்தான் இருக்கு. உள்ள போனதும் நான் பண்ணின முதல் வேலை, கடிகாரத்தைப் படம் புடிச்சது. மேஜையில தனியா ஒரு பெரியவர் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார். என் போனைப் பாத்ததும் ஒண்ணும் சொல்லாம, கிளாஸை எடுத்துக்கிட்டு நகர்ந்து உக்காந்தார். ரொம்பப் பழக்கப்பட்ட நகர்வு. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு இப்படி நகர்றாரோ. படம் எடுத்துட்டு அப்படியே வெளிய போயிடலாம்னுதான் இருந்தோம். அவர் நகர்ந்ததைப் பாத்தப்புறம் கால் வரலை.

கவுண்ட்டர்ல போய் லெமனேட் கேட்டேன். சிரிப்பாங்களோன்னு ஒரு பயம். ஐஸ் வேணுமான்னு மட்டும் கேட்டாங்க. பெரியவருக்குப் பக்கத்து மேஜையில உக்காந்தோம். "எந்த ஊர்?"னு ஆரம்பிச்சவர், கிளம்புற வரைக்கும் கிரிக்கெட்டை விடலை. ரூம்மேட் மியூசியத்தைச் சுத்தமா மறந்துட்டான்.

சித்தப்பாவைக் கெடுத்த குடி மேல எனக்கு இருக்கற கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கு. ஆனா முன்பின் தெரியாதவன் ஒரு லெமனேட் காசுக்கு ரெண்டு மணி நேரம் உக்காந்து, இன்னொரு தெரியாதவன்கிட்ட பேசிட்டுப் போக ஒரு இடம் முந்நூறு வருஷத்துக்கு மேல திறந்திருக்கு பாருங்க, அதை மூடச் சொல்ல எனக்கு மனசு வரலை.

அந்தப் பக்கம் போனா போங்க. படம் புடிங்க, தப்பில்லை. ஆனா எதையாவது வாங்கி, கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க. கடிகாரத்துக்குக் கீழ யாராவது இருந்தா, அவங்களை நகர வைக்காதீங்க.

பி.கு: நான் எடுத்த கடிகாரப் படம் ஆடிப்போயிருந்துச்சு. மணியே தெரியலை :-)