படமும் வரியும் சேர்ந்த விஷம்

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று வதந்தி பரவியது. பரவிய காட்சிகளில் இரண்டைப் பற்றி அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கம் தந்தார். ஒன்று பிகார் தொழிலாளர்களே இரு பிரிவாக மோதிக்கொண்டது. மற்றது கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு. காட்சிகள் நிஜம், மேலே ஒட்டிய வரிதான் பொய். தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூர், பெருங்களத்தூர் பக்கம் கட்டடத்திலும் ஓட்டலிலும் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்களை ஊரில் கதிகலங்க வைக்க அந்த ஒட்டு வரியே போதும். ‘வடக்கன்’ என்று இங்கே சுற்றும் கேலி மீம்களிலும் அதே வேலைதான்: படம் அப்பாவி, வரி சாதாரணம், இரண்டும் சேர்ந்தால் வசவு. ஆகவே வெறுப்பு மீமைப் பிடிக்கும் கருவி படத்தையும் எழுத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் தமிழில் அது எவ்வளவு தவறுகிறது என்று வெளியே சொல்லாதவரை, எந்த நிறுவனமும் அதை நம்பிப் பதிவுகளைத் தானாக நீக்கக் கூடாது.

2020-இல் ஃபேஸ்புக் சுமார் 10,000 மீம்களைத் தொகுத்து ஒரு போட்டி வைத்தது. அதே படத்துக்கு வேறு வரி, அதே வரிக்கு வேறு படம் என்று வேண்டுமென்றே கலந்திருந்தார்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாற வேண்டியதுதான். மனிதர்கள் ஏறத்தாழ 85 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், இயந்திரங்கள் வெகுவாகப் பின்தங்கின. அது ஆங்கிலம். இழிவுபடுத்தும் தமிழ் ‘ட்ரோல்’ மீம்களைப் பிரிக்க 2021-இல் ஆய்வாளர்கள் நடத்திய போட்டியில் முதலிடம் பெற்ற முறையின் மதிப்பெண், 1-க்கு 0.55. பிறகு வந்தவை தேறியிருக்கின்றன என்றாலும் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது. வடிவேலுவின் ஒரே முகம் பெட்ரோல் விலைக்கும் வரும், ஒரு சாதியை மட்டம் தட்டவும் வரும். தமிழை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். சாதிப் பெயரையும் யாரும் நேராகச் சொல்வதில்லை. சாப்பாட்டையோ தொழிலையோ தெருவையோ சொன்னால் புரிய வேண்டியவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

தானாக நீக்காவிட்டால், மனிதர் பார்த்து முடிப்பதற்குள் கலவரம் வந்துவிடாதா என்பது நியாயமான கேள்வி. நீக்காமலே வேகத்தைக் குறைக்கலாம். பலமுறை பகிரப்பட்ட தகவலை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது, உள்ளே இருப்பதைப் படிக்காமலே. (மறையாக்கம் உள்ள வாட்ஸ்அப் குழுக்களுக்குள் நிறுவனத்தின் கருவி எட்டிப் பார்க்கவும் முடியாது.) திறந்த தளங்களில் இயந்திரம் சந்தேகப்பட்டதும் பரவலை நிறுத்திவைத்து, தமிழ் தெரிந்த ஒருவர் சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்கட்டும். அப்படியில்லாமல் தானாக நீக்கினால், சாதித் திமிரைக் கண்டிக்க அதே மீமை எடுத்துப் போட்டவரும் மாட்டிக்கொள்வார். இணையப் பதிவுகளுக்காக வழக்குப் போட இடம் தந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்ததற்கு அதன் தெளிவின்மை ஒரு முக்கியக் காரணம். அதே தெளிவின்மை மென்பொருள் வழியாகத் திரும்பி வரக் கூடாது. தாம்பரம் காவல் ஆணையரகமானாலும் வேறெந்த ஆணையரகமானாலும், இயந்திரத்தின் சந்தேகத்தை மட்டும் வைத்து வழக்குப் பதியக் கூடாது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி பெரிய தளங்கள் மாதந்தோறும் அறிக்கை தருகின்றன. நீக்கிய தமிழ்ப் பதிவுகள் எத்தனை, தவறென்று திருப்பிப் போட்டவை எத்தனை, தமிழ் தெரிந்த பரிசோதகர்கள் எத்தனை பேர் என்ற கணக்கையும் அதில் கட்டாயமாக்க ஒன்றிய அரசு விதியைத் திருத்த வேண்டும்.