எளிமைக்குப் பின்னுள்ள உழைப்பு

நிரல் எழுதத் தெரிந்த ஒருவரும் ஓவியம் வரையத் தெரிந்த ஒருவரும் சேர்ந்தால் திறன்பேசி விளையாட்டு ஒன்று பிறந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். வேலையைப் பங்கிட்டுக் கொள்வதே கூட்டுழைப்பு என்னும் கருத்து அதில் ஒளிந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இருவர் கூடிப் படைக்கும்போது கிடைக்கும் பெரும்பேறு, ஒருவர் விரும்பிச் செய்ததை மற்றவர் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிவதே ஆகும். ஆனால், அவ்வாறு விலக்கப்பட்டவை முடிந்த படைப்பில் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத உழைப்புக்கு உலகம் விலை வைப்பதும் இல்லை.

அமெரிக்கரான ஆஷர் வோல்மர் நிரலாளர். கிரெக் வோல்வெண்ட் ஓவியர். இவ்விருவரும் உருவாக்கி, 2014 பிப்ரவரி 6 அன்று ஐபோனுக்கு வெளியிட்ட விளையாட்டு ‘த்ரீஸ்’. இசையமைத்தவர் ஜிம்மி ஹின்சன். நான்குக்கு நான்கு எனப் பதினாறு கட்டங்கள். அவற்றில் எண் அட்டைகள். விரலால் தள்ளினால் அட்டைகள் ஒரு கட்டம் நகரும். ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்று. அதன்பின் மூன்றும் மூன்றும் ஆறு, ஆறும் ஆறும் பன்னிரண்டு என ஒத்த எண்கள் மட்டுமே இணையும். எந்த அட்டையையும் நகர்த்தவோ இணைக்கவோ முடியாதவாறு கட்டங்கள் நிறைந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. விதி இவ்வளவுதான், ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

இதன் முதல் முன்மாதிரியை வோல்மர் ஓர் இரவில் எழுதிவிட்டார். வெளியீட்டுக்கோ ஏறத்தாழ 14 மாதங்கள் ஆயின. இடையில் என்ன நடந்தது? வெறும் எண்கள் மக்களைக் கவருமா என்னும் ஐயம் இருவருக்கும் எழுந்தது. எண்களுக்குப் பதிலாகச் சதுரங்கக் காய்களை வைத்துப் பார்த்தனர். விலங்குகளை, ஜப்பானிய சுஷி உணவை, ஹைட்ரஜன் அணுக்களைக்கூட வைத்துப் பார்த்தனர். ஒவ்வொன்றுக்கும் படம் வரைய வேண்டும், நிரலைத் திருத்த வேண்டும், விளையாடிப் பார்த்துப் பின்னர்க் கைவிட வேண்டும். சாக் கேஜ் என்னும் சக வடிவமைப்பாளரும் தொடக்கத்திலிருந்த எளிமைக்கே திரும்புமாறு ஊக்கினார். இறுதியில் எண்களே நின்றன. அவற்றுக்குச் சிறு முகங்களும் குரல்களும் வாய்த்தன. புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவந்த பயணம்தானே என்று நாம் நகைக்கலாம். ஆனால் எண்களே போதும் என்னும் துணிவு, மற்றவற்றையெல்லாம் செய்து பார்த்த பிறகே அவர்களுக்கு வந்தது.

வெளியான சில வாரங்களிலேயே போலிகள் முளைத்தன. ‘1024’ என்றொரு விளையாட்டு வந்தது. அதைத் தொடர்ந்து மார்ச் மாதத்தில், கப்ரியேலே சிருல்லி என்னும் 19 வயது இத்தாலிய இளைஞர் ஒரு வார இறுதியில் ‘2048’ஐ எழுதி இலவசமாக வெளியிட்டார். ஒரே வாரத்திற்குள் இலட்சக்கணக்கானோர் அதை ஆடினர். நம்மில் பலரும் ஆடியிருப்போம். ‘த்ரீஸ்’ என்னும் பெயரைக் கேள்விப்பட்டோர் சிலரே. கொடுமை என்னவென்றால், ஏறத்தாழ இரண்டு டாலருக்கு விற்ற மூல விளையாட்டைக் கண்டவர்கள், அதை ‘2048’இன் நகல் என்றே கருதினர்.

சிருல்லியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. அவர் ‘1024’ஐயும், கருத்தளவில் ‘த்ரீஸ்’ஐயும் தம் பக்கத்தில் குறிப்பிட்டார், நிரலையும் எல்லார்க்கும் திறந்துவைத்தார். கற்கும் இளைஞர் பிறர் படைப்பைச் செய்து பார்ப்பது பழுதன்று. பாட்டும் சிற்பமும் அவ்வாறுதான் கற்கப்படுகின்றன. திறந்துகிடந்த அந்நிரலை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, விளம்பரங்களைச் செருகிச் செயலிக் கடைகளை நிரப்பினார்களே, அவர்கள் செயலே என்னை உறுத்துகிறது. அவர்கள் எவரிடமிருந்தும் எதையும் கற்றதாகத் தெரியவில்லை.

சட்டம் இதில் பெரிதும் உதவாது. படத்துக்கும் இசைக்கும் எழுதிய நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு. விளையாட்டின் விதிக்கு இல்லை. இதை நான் குறையாகக் கருதவில்லை. விதிகளைத் தனியுடைமை ஆக்கினால், அடுத்த தலைமுறை புதிதாக ஒன்றும் செய்ய இயலாது. எனவே இங்குச் சட்டம் விட்ட இடத்தை நிரப்ப வேண்டியது ஆடுவோரின் நேர்மைதான்: மூலம் எது என்று கேட்பதும், தெரிந்தால் பெயரைச் சொல்வதும், இயன்றால் விலை கொடுப்பதும்.

வோல்மரும் வோல்வெண்டும் வழக்காடவில்லை. தங்களுக்குள் எழுதிக்கொண்ட நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்களை 2014 மார்ச் மாத இறுதியில் வெளியிட்டனர். வரைந்து கைவிட்ட படங்கள், ஒருவர் முன்வைக்க மற்றவர் மறுத்த யோசனைகள், தயக்கங்கள் அனைத்தும் அதில் இருந்தன. அவ்வாண்டு ஆப்பிள் நிறுவனத்தின் வடிவமைப்பு விருது ‘த்ரீஸ்’ஐத் தேடி வந்தது. ஆயினும் இலவசப் போலிகளோடு போட்டியிட விலையால் இயலவில்லை போலும். 2015இல் விளம்பரங்களுடன் கூடிய இலவசப் பதிப்பு ஒன்றை அவர்களும் வெளியிட்டனர்.