மெத்தையைத் திருப்பிப் போட்டா கறை போயிடுமா?

ஹாஸ்டல் மெத்தைக்கு மொத்தமே ரெண்டு பக்கம்தான் மக்களே! முதல் பக்கத்துல டீ கொட்டினா திருப்பிப் போடுவோம். அடுத்த பக்கத்துல சாம்பார் கொட்டினா..? மேலே பெட்ஷீட்டை விரிச்சு, தலையணையை அந்த இடத்துல வெச்சு, ‘ஒண்ணுமே நடக்கலையே’னு உட்கார்ந்துடுவோம். வருஷக் கடைசியில ரூமைக் காலி பண்ற அன்னிக்கு வார்டன் வந்து பெட்ஷீட்டை உருவுவார் பாருங்க... அத்தோட காஷன் டெபாசிட்டுக்கு டாட்டா!

கறை தானா மறையும்னு காத்திருக்கிறது இலவு காத்த கிளி கதைதான். அதுவும் இலவம் பஞ்சு மெத்தையில படுத்துக்கிட்டே காத்திருந்தா இன்னும் பொருத்தம்! நாள் ஆக ஆக கறை துணி நூல்ல இறுகிக்கிட்டே போகும். அன்னிக்கே கவனிச்சா பத்து நிமிஷ வேலை. ஆறு மாசம் கழிச்சுன்னா அரை நாள் வேலை, அப்பவும் லேசா தடம் நிக்கும்.

டெபாசிட் பணம் மட்டும்தான் பிரச்னைன்னா சிரிச்சுட்டுப் போயிடலாம். கறையை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, ஈர மெத்தையை அப்படியே மூடி, அது மேலேயே படுத்துத் தூங்குற பொண்ணுங்க எத்தனையோ ஹாஸ்டல்ல இருக்காங்க. அந்த மேட்டருக்கும் வர்றேன். முதல்ல அடிப்படை.

உங்க மெத்தை எந்த ஜாதகம்?

இலவம் பஞ்சு, தேங்காய் நார், ஃபோம்... பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணாத்தான் இருக்கும்.

இலவம் பஞ்சு இழை உள்ளே குழாய் மாதிரி காலியா இருக்கும், மேலே மெழுகுப் பூச்சு உண்டு. சுலபத்துல தண்ணி ஒட்டாது. அதனாலதான் ஒரு காலத்துல கப்பல்ல உயிர் காக்கும் ஜாக்கெட்டுக்குள்ள இதை அடைச்சாங்க. ஆனா மெத்தையோட உறைத்துணி தண்ணியை நல்லா குடிக்கும். இழைகளுக்கு நடுவுல தண்ணி தேங்கினா பஞ்சு கட்டி கட்டியா ஆயிடும். இந்த மெத்தையை தாராளமா வெயில்ல போடலாம். ரொம்பப் பழசாயிட்டா பிரிச்சு, பஞ்சைக் காய வெச்சு, புது உறை தைச்சுக்கலாம்.

நார் மெத்தையில நாரை ஒட்டியிருக்கிறது ரப்பர் பால். ஃபோம் மெத்தை முழுக்க பாலியூரித்தேன். ரெண்டையும் நாள் கணக்குல சுடு வெயில்ல போட்டா ரப்பர் விறைச்சு உதிரும், ஃபோம் மஞ்சளாகிப் பொடியும். நிழல்ல, நல்லா காத்து வர்ற இடத்துல நிறுத்தி வைங்க. ரூம்லயே ஃபேனுக்கு நேரா செங்குத்தா நிறுத்தினாலும் போதும்.

மூணே மூணு ரூல்ஸ்

ஒண்ணு: தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. தேய்ச்சா கறை அகலமாகும், ஆழமாவும் இறங்கும். கறையோட ஓரத்துல ஆரம்பிச்சு நடுவை நோக்கி வாங்க. துணி அழுக்காக ஆக மடிப்பை மாத்துங்க.

ரெண்டு: மெத்தை மேல பக்கெட் தண்ணியைக் கவிழ்க்கக் கூடாது. துணியை நனைச்சுப் பிழிஞ்சு பயன்படுத்துங்க, இல்லேன்னா ஸ்ப்ரே பாட்டில். உள்ளே இறங்கின ஈரம் ஒண்ணு, ரெண்டு நாள் காயாம இருந்தாலே பூஞ்சை பிடிக்கும். ஆஸ்துமா, அலர்ஜி இருக்கிறவங்களுக்கு அதுதான் நிஜ வில்லன்.

மூணு: எந்தக் கரைசலா இருந்தாலும் முதல்ல மெத்தையோட ஒரு மூலையில ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க. உறையோட கலர் போகலைன்னா மேற்கொண்டு இறங்கலாம்.

கறை வாரியா வைத்தியம்

டீ, காபி: பால் இருக்கிறதால கொழுப்பும் சேர்ந்திருக்கும். பாத்திரம் தேய்க்கிற லிக்விடை ரெண்டு சொட்டு ஒரு டம்ளர் தண்ணியில கலந்து முதல்ல ஒத்தி எடுங்க. அப்புறமும் பழுப்பா தெரியுதா? அது டானின். ஒரு பங்கு வினிகருக்கு ரெண்டு பங்கு தண்ணி கலந்து ஒத்துங்க. பத்து நிமிஷம் கழிச்சு வெறும் தண்ணித் துணியால ஒத்தி எடுத்துடுங்க.

சாம்பார், குழம்பு: முதல்ல ஸ்பூனால வழிச்சு எடுங்க. அப்புறம் லிக்விட் சோப்பு. சோப்பு பட்டதும் மஞ்சள் கறை சிவப்பாகும், பயந்துடாதீங்க! ப்ளஸ் டூ லேப் ஞாபகம் இருக்கா? மஞ்சள்ல இருக்கிற குர்குமின் காரம் பட்டா சிவக்கும், அமிலம் பட்டா மறுபடி மஞ்சளாகும். இதுக்கு உண்மையான எதிரி வெயில்தான். வெளிச்சம் பட்டா குர்குமின் சிதைஞ்சுடும். ஜிப் வெச்ச உறைன்னா கழட்டித் துவைச்சு வெயில்ல காயப் போடுங்க. கழட்ட முடியாத ஃபோம் மெத்தையா? கறை மட்டும் தெரியுற மாதிரி மிச்சத்தைப் பழைய போர்வையால மூடி, ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் வெயில் காட்டுங்க. சில நாள்ல நல்லாவே மங்கிடும்.

தலைக்கு வெச்ச எண்ணெய்: தண்ணியே வேண்டாம். முகத்துக்குப் போடுற டால்கம் பவுடரை மேலே கொட்டி அரை மணி நேரம் விடுங்க. எண்ணெயை அது உறிஞ்சிக்கும். பிரஷ்ஷால தட்டிட்டு, மிச்சத்துக்கு சோப்பு நுரையை மட்டும் எடுத்து ஒத்துங்க.

பால் பாயின்ட் பேனா: எக்ஸாமுக்குப் படுத்துக்கிட்டே படிக்கிற பார்ட்டிகளுக்காக! பஞ்சுல ஸ்பிரிட் அல்லது ஹேண்ட் சானிடைசர் தொட்டு ஒத்துங்க. மை பஞ்சுக்கு ஏறும். பஞ்சை மாத்திக்கிட்டே இருங்க. ஸ்பிரிட் சட்டுனு தீப்பிடிக்கும். பக்கத்துல கொசுவத்தி, அயர்ன் பாக்ஸ் எதுவும் இருக்கக் கூடாது. ஜெல் பேனா மை சிலது ஸ்பிரிட்டுக்கும் அசையாது.

வியர்வை மஞ்சள்: ஹைட்ரஜன் பெராக்சைடு 3 சதவீதக் கரைசல் ஒரு கப், சமையல் சோடா மூணு ஸ்பூன், பாத்திர லிக்விட் ரெண்டு சொட்டு. கலந்த உடனே லேசா தெளிச்சு, காய விட்டு, பொடியை பிரஷ்ஷால தட்டி எடுங்க. மிச்சத்தை மூடி வெச்ச பாட்டில்ல சேமிக்காதீங்க. ஆக்சிஜன் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம். இன்னொண்ணு, சமையல் சோடா வேற, சலவை சோடா வேற. சலவை சோடா கையையே பதம் பார்க்கும்.

சிறுநீர்: அக்கா குழந்தை வீட்டுக்கு வந்துச்சா? ஈரத்தை முழுசா ஒத்தி எடுத்துட்டு, வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து ஒத்துங்க. ஈரம் குறைஞ்சதும் சமையல் சோடாவைத் தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில தட்டி எடுங்க. பழைய கறையில யூரிக் அமிலப் படிகம் இருக்கும். அது தண்ணியில சுலபமா கரையாது. அதனாலதான் மழை நாள்ல நாத்தம் திரும்ப வரும். அதுக்கு என்சைம் கிளீனர்தான் சரி, செல்லப் பிராணிகள் கடையில கிடைக்கும். குழந்தை இல்லை, காலேஜ் படிக்கிற நமக்கே திடீர்னு இப்படி நடக்க ஆரம்பிச்சா, வெட்கப்படாம டாக்டரைப் பாருங்க. சிறுநீர்த் தொற்றுலேர்ந்து சர்க்கரை வரைக்கும் காரணம் இருக்கலாம்.

இப்போ அந்த மேட்டர்

ரத்தக் கறை. கிரிக்கெட்ல முட்டி பேந்து வந்தாலும் ரத்தம்தான், பீரியட்ஸ்ல பட்டாலும் ரத்தம்தான். கெமிஸ்ட்ரிக்கு ரெண்டும் ஒண்ணு. நமக்குத்தான் ரெண்டும் வேற வேறயா தெரியுது!

முதல் விஷயம், சுடுதண்ணி கூடவே கூடாது. முட்டையை வேக வெச்சா வெள்ளைக்கரு இறுகுது இல்ல? அதே மாதிரி ரத்தத்துல இருக்கிற புரதமும் சூட்டுல இறுகித் துணியைப் பிடிச்சுக்கும். பச்சைத் தண்ணி, முடிஞ்சா ஐஸ் தண்ணி. நனைச்சுப் பிழிஞ்ச துணியால சிவப்பு ஏறுறது நிக்கிற வரைக்கும் ஒத்துங்க. காய்ஞ்ச கறைன்னா ஈரத்துணியை அரை மணி நேரம் மேலே போட்டு ஊற விட்டுட்டு ஆரம்பிங்க.

அடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு. 1818-ல தெனார்ங்கிற பிரெஞ்சு வேதியியலாளர் கண்டுபிடிச்சது. இன்னிக்கு மெடிக்கல் ஷாப்ல சாதாரணமா கிடைக்குது. லேபிளைப் படிங்க. ‘20 வால்யூம்’ அல்லது 6 சதவீதம்னு போட்டிருந்தா அதே அளவு தண்ணி சேருங்க, 3 சதவீதம் ஆயிடும். பஞ்சால தொட்டு வைங்க. புஸ்ஸுனு நுரைக்கும். ரத்தத்துல இருக்கிற கேட்டலேஸ்ங்கிற என்சைம் அதைத் தண்ணியாவும் ஆக்சிஜனாவும் உடைக்கிறதுதான் அந்த நுரை. பத்து நிமிஷத்துல ஒத்தி எடுத்துட்டு, தேவைன்னா இன்னொரு ரவுண்டு. கையில பட்டா எரிச்சல் வரும், தோல் வெளுக்கும். உடனே கழுவிடுங்க. கண்ணுல படாம பார்த்துக்கங்க.

இவ்வளவுதான் வேலை. இதுக்காக ராத்திரி ரெண்டு மணிக்கு லைட்டைப் போடாம, யாருக்கும் தெரியாம, அழுதுக்கிட்டே தேய்க்கணுமா என்ன? ரூம்மேட்டுக்கு இப்படி ஆச்சுன்னா தோழிகள் செய்ய வேண்டியது சிம்பிள். கேள்வி கேட்காதீங்க, கிண்டல் பண்ணாதீங்க, ஒரு பக்கெட் பச்சைத் தண்ணி கொண்டு வந்து மெத்தையைத் தூக்க ஒரு கை கொடுங்க. பசங்களே, உங்களுக்கும்தான்! வீட்டுல தங்கச்சியோட மெத்தை மொட்டை மாடியில காயுதுன்னா, ‘என்னாச்சு?’னு தெருவுக்கே கேட்குற மாதிரி கத்தாம, மழை வந்தா எடுத்து உள்ளே வைங்க.

அதைவிட முக்கியமான ஒண்ணு. எப்பவாவது ஒரு தடவை கறை பட்டா அது சகஜம். ஆனா மாசா மாசம் மெத்தை வரைக்கும் வருதா? ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின்னு தொடர்ந்து சில மணி நேரம் மாத்த வேண்டியிருக்கா? ஏழு நாளைத் தாண்டியும் நிக்கலையா? அப்போ கவனிக்க வேண்டியது மெத்தையை இல்ல, உங்களை. படி ஏறினா மூச்சு வாங்குறது, கிளாஸ்ல கிறுகிறுன்னு வர்றது எல்லாம் ரத்தசோகையா இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புல, இந்தியாவுல 15-லேர்ந்து 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்திருக்கு. ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட், ஒரு தடவை டாக்டர். கறையை மறைக்கிறப்போ இந்தச் சேதியும் சேர்ந்து மறைஞ்சுடுது.

டேஞ்சர்... டேஞ்சர்!

வெள்ளை வெளேர்னு ஆகணும்னு ப்ளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் கலக்குற விஞ்ஞானிகள் சிலர் உண்டு. அதுலேர்ந்து வர்றது குளோரின் வாயு. 1915-ல முதல் உலகப் போர்ல ஜெர்மானியர்கள் ஈப்ர போர்முனையில பயன்படுத்தினாங்களே, அதே வாயு! வினிகரோட சேர்ந்தாலும் அதே கதி. சிறுநீர்க் கறை மேல ப்ளீச் ஊத்தினாலும் நுரையீரலைப் பதம் பார்க்கிற வேற வாயு வரும். ப்ளீச் மெத்தைப் பக்கமே வர வேண்டாம். வினிகரையும் பெராக்சைடையும்கூட ஒரே பாட்டில்ல கலக்காதீங்க. அப்புறம், வினிகர்ல சமையல் சோடா போட்டுப் பொங்க விடுற வீடியோ பார்த்திருப்பீங்க. பார்க்க சூப்பர்தான், ஆனா ஒண்ணை ஒண்ணு அடிச்சு ரெண்டோட வேலையும் போயிடும். தனித்தனியா பயன்படுத்துங்க.

மெத்தைத் தையல் ஓரமா கறுப்புப் புள்ளி புள்ளியா இருந்தா அது கறையே இல்ல, மூட்டைப்பூச்சியோட எச்சமா இருக்கலாம். துடைச்சு மறைக்காம அன்னிக்கே வார்டன்கிட்ட சொல்லுங்க. ஒரு ரூம்ல இருந்தா அடுத்த ரூமுக்கும் நடந்து போயிடும்.

வருமுன் காக்க, மெத்தைக்கு வாட்டர்ப்ரூஃப் உறை ஒண்ணு வாங்கிடலாம். பட்ஜெட் இடிக்குதா? குழந்தைக்கு விரிக்கிற ரப்பர் ஷீட், அதுக்கு மேல பாட்டியோட பழைய பருத்திப் புடவையை நாலா மடிச்சுப் போட்டா போதும். புடவையை வாரம் ஒரு தடவை துவைச்சுக்கலாம். மெத்தையைத் துவைக்க முடியாதே!

இந்த ஞாயித்துக்கிழமை பெட்ஷீட்டை உருவிப் பாருங்க. வார்டன் பார்க்கிறதுக்கு முன்னாடி நீங்க பார்த்துட்டா டெபாசிட்டும் மிச்சம், தூக்கமும் மிச்சம். அடுத்த வாரம், ஒரே பக்கெட்ல ஊறப் போட்ட வெள்ளைச் சட்டையும் சிவப்பு டி-ஷர்ட்டும்... ரோஸ் கலர் ரகசியத்தோட வர்றேன். பை!